மெட்ராஸ் ஐ என்று ஊருக்குச் சொன்னது

என் வலது கண்ணுக்கு என்ன ஆனது என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "வேலை பாக்குற எடத்துல தூசி விழுந்துருச்சு." கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுக் காப்பியைக் குடித்து எழுந்து போவார்கள். தூசிக்கு வாய் இல்லாததால் பழி முழுவதையும் அதன் தலையில் போட்டாயிற்று. வாய் இருந்திருந்தால் என் வீட்டு வாசலில் வந்து நின்று தெருவே கூடும்படி அது சண்டை பிடித்திருக்கும். அதற்குப் பதிலாக நான் பிடிக்கிறேன்.

தூசி விழுந்தது உண்மைதான். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் செக்கிங் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினால், அடியில் ட்யூப்லைட் எரியும் கண்ணாடி மேசை எனக்காகக் காத்திருக்கும். வெளுத்து வந்த காஸ் துணியை, புண்ணுக்குக் கட்டுகிற அந்தச் சல்லாத் துணியை, அதன்மேல் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே ஓட்டை என்று கண்தான் சொல்லும். கண் சொன்ன இடத்தில் கை கத்தரிக்கோலை வைக்கும். நாள் முழுக்க வெள்ளையில் வெள்ளையைத் தேடுகிற வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன். சூப்பர்வைசர் சந்தேகம் வந்தால் என் மேசைக்குத்தான் துணியைக் கொண்டுவருவார்.

அந்த இடத்தில் பஞ்சுப் பிசிறு பறந்துகொண்டே இருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்வோம். கண்ணில் எதைக் கட்டுவது? ஒரு மத்தியானம் வலது கண்ணில் எதுவோ விழுந்து உறுத்தியது. கசக்கினேன், போகவில்லை. பக்கத்து மேசைக்காரி ஓடிவந்தாள். கையிலிருந்த காஸ் துணியின் முனையைத் திரி மாதிரி திரித்து, என் இமையைப் பிரித்துப் பிடித்து, உள்ளே விட்டு ஒரு சுழற்று சுழற்றினாள்.

"வந்துருச்சுக்கா. அம்புட்டுதான். செத்த நேரம் கண்ண மூடிக்கிட்டு இருங்க" என்றாள்.

எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான் எடுப்போம். ராஜபாளையத்தைச் சுற்றி இந்தத் துணி இல்லாத வீடு கிடையாது. கழித்துப் போட்ட துண்டுகளை ஆளாளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோவோம். பால் வடிகட்ட அது, பிள்ளைக்கு மூக்குச் சிந்த அது, அரிவாள்மனை கிழித்தால் சுற்றிக்கட்ட அது. ஆஸ்பத்திரித் துணி அல்லவா, அதைவிடச் சுத்தம் உண்டா என்று ஒரு நம்பிக்கை. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணிதான். ஆனால் நீராவியில் வெந்து உறைக்குள் போய் ஒட்டப்பட்ட பிறகுதான் அது ஆஸ்பத்திரித் துணி. அதுவரைக்கும் அது தரையில் குவிந்து கிடக்கிற, பத்துப் பேர் வியர்வைக் கை பட்ட, ராத்திரியில் எலி ஓடுகிற வெறும் துணி. இத்தனை வருடம் அதற்குள்ளேயே கிடந்தும் எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று நினைத்துவிட்டோம்.

என் கண் நல்ல கண்ணாக இருந்திருந்தால் அந்தக் கீறல் இரண்டு நாளில் ஆறியிருக்கும். எனக்குச் சர்க்கரை இருந்தது. ஏழு வருடமாக இருந்தது.

இருந்தது என்று இப்போது எழுதிவிடலாம். அப்போது அதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் வீட்டில் தடை. என் மாத்திரை மஞ்சள்தூள் டப்பாவுக்குள் இருக்கும். தெருவில் யாராவது வரும் சத்தம் கேட்டால் வாயில் போட்ட மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்குவேன். இந்தச் சட்டத்தைப் போட்டது என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் அடுத்த தெருவில் இருக்கிறார் என்று பேர், எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். என் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, ஒனக்கு சுகர்னு வெளிய தெரியக் கூடாது. தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு ஊர்ல பேசுவாவ. பொறவு ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான்."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அக்கா பேசும்போது தலையாட்டுவதற்கென்றே அவருக்குக் கழுத்து கொடுக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு இதில்தான் பற்றிக்கொண்டு வரும். நெஞ்சுவலிக்காரருக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். சர்க்கரைக்காரியைப் பார்த்தால் மட்டும் ஏதோ திருடித் தின்று மாட்டிக்கொண்டவளைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. என்ன தின்னே, எம்புட்டுத் தின்னே என்று விசாரணை. நான் என்ன தின்றேன்? காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பழைய சோறு, மத்தியானம் டப்பாவில் கட்டிக்கொண்டுபோன புளிச்சோறு, ராத்திரி மிச்சம் மீதி. இந்த விருந்துக்குத்தான் எனக்கு இந்தப் பேர்.

மறுநாள் கண் சிவந்து நீர் கொட்டியது. வெளிச்சத்தைப் பார்த்தால் உள்ளே குத்தியது. மகள் என் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கெளம்பும்மா, கண் டாக்டர்ட்ட போவோம்" என்றாள். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அதற்குள் நாத்தனார் வந்துவிட்டார்.

மகளுக்கு வரன் கூடி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்த நேரம் அது. மாப்பிள்ளை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் வேலை பார்க்கிற பையன். குடும்பமும் நல்ல குடும்பம். நாத்தனார் அலைந்து கொண்டுவந்த வரன்.

"கண் டாக்டர்ட்ட போனா மொதக் கேள்வியே சுகர் இருக்கான்னுதான். அந்த ஆஸ்பத்திரில சீட்டுக் குடுக்குற எடத்துல யாரு இருக்கா தெரியும்லா? மாப்ளயோட சித்தி. சாயந்தரத்துக்குள்ள அவிய வீட்டுக்குப் போயிரும் சேதி" என்றார். பிறகு என் கண்ணை எட்ட நின்றே பார்த்துவிட்டு, "யாரு கேட்டாலும் மெட்ராஸ் ஐன்னு சொல்லு. ஊர் பூரா இருக்கு. ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்" என்றார்.

"அத்தை, அம்மாவுக்கு நெசமாவே வலிக்குது. சொன்னா என்ன ஆயிரும்? சொல்லிருவோமே" என்றாள் மகள்.

"நீ வாய மூடு. ஒனக்காகத்தான் இம்புட்டும்."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எங்கள் வீடுகளில் எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம். மகளின் வாய் அடைபட்டது. நான் செருப்பைக் கழற்றினேன்.

ஊருக்குச் சொன்ன பொய்யைச் சொன்னவர்களே நம்ப ஆரம்பித்ததுதான் அடுத்த கூத்து. என் வீட்டுக்காரர் மெடிக்கல் கடைக்குப் போனார். பெண்டாட்டி கண்ணில் துணி கீறிவிட்டது, அவளுக்குச் சர்க்கரை உண்டு என்று சொல்ல வேண்டிய மனிதர், "மெட்ராஸ் ஐக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் என்ன செய்வார்? என் கண்ணை அவர் பார்த்தாரா? பார்க்காத கண்ணுக்கு மருந்தை எடுத்து நீட்டினார். டாக்டர் சீட்டு எங்கே என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்கள் ஒரு கவுண்டருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்றுகொண்டு என் கண்ணைத் தீர்மானித்துவிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், அந்த மருந்து முதலில் கேட்டது. சிவப்பு குறைந்தது. எரிச்சல் அடங்கியது. "பாத்தியா, இதுக்குப் போயி டாக்டரு டாக்டருன்னு குதிச்சீயளே" என்று நாத்தனார் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். அந்தச் சொட்டு மருந்தில் சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்குகிற சமாச்சாரம் ஒன்று கலந்திருந்ததாம். வந்திருந்தது பூஞ்சைக் கிருமி. அதை எதிர்த்துத்தான் கண் சிவந்து, வீங்கி, நீர் கொட்டிக்கொண்டிருந்தது. கிருமியை விட்டுவிட்டு, அதோடு சண்டை போடுகிறவனைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறோம். உடம்பில் ஏறிக் கிடந்த சர்க்கரையும் கிருமிக்குத்தான் தோதாக இருந்தது. இதெல்லாம் பின்னால் மதுரையில் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, வலி ஒருநாள் அடங்கி மறுநாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது மட்டும்தான்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடந்தது. எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கூலிங் கிளாஸ். சினிமா நடிகை மாதிரி இருக்கிறேன் என்று யாரோ கேலி செய்தார்கள். வந்த சொந்தக்காரர்கள் என்னிடமிருந்து நாலடி தள்ளியே நின்றார்கள். மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் ஊர் விஞ்ஞானம். பெண்ணைப் பெற்றவளை மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என் இடத்தில் நாத்தனார் நின்று தாம்பூலம் மாற்றினார். கண்ணுக்குள் மணலைப் போட்டு யாரோ அரைப்பது மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பயப்படவில்லை. நேராக என்னிடம் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வாட்டசாட்டமான பெண்மணி, கலகலப்பான பேச்சு. கையில் ஒரு தட்டு. எங்கள் ஊரில் விசேஷம் என்றால் தட்டில் பால்கோவா இல்லாமலா?

"சம்மந்தி, இப்படி ஒதுங்கி ஒக்காந்தா எப்படி? வாயத் தொறங்க. இனிப்போட ஆரம்பிப்போம்."

"இருக்கட்டும் சம்மந்தி, பொறவு எடுத்துக்கிடுதேன்."

"அதெல்லாம் கெடையாது. நான் ஊட்டித்தான் ஆகணும்."

நான் நிமிர்ந்தேன். கூட்டத்துக்கு நடுவே நாத்தனாரின் கண் என் மேல் இருந்தது. தின்னு என்று அந்தக் கண் உருட்டியது. நான் வாயைத் திறந்தேன். ஒரு வாய். அது இறங்குவதற்குள் இன்னொரு வாய். தட்டு காலியாகிற வரைக்கும் அந்த அம்மா விடவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு தட்டையும் எடுத்தார். எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். சம்மந்திகளுக்குள்ள இப்பவே இம்புட்டுப் பாசமா என்றார்கள். காப்பி வந்தபோது நாத்தனார் ஹாலுக்கே கேட்கும்படி, "எங்க தம்பி பொண்டாட்டிக்குச் சீனி தூக்கலா இருக்கணும், இல்லாட்டி எறங்காது" என்றார்.

அந்தக் காப்பியையும் குடித்தேன். எனக்குச் சர்க்கரை இல்லை என்பதற்கு என் உடம்பே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு நாக்கு வறண்டு, தலை சுற்றி, கண்ணில் வலி அடித்து அடித்துத் தெறித்தது. போட்டோக்காரர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னபோது ஐந்து பேர் ஒரே குரலில் வேண்டாம் என்று கத்தினார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு மகள் செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தாள். "அம்மா, கருப்பு முழியில வெள்ளையா ஒண்ணு இருக்கு" என்றாள். நாத்தனாரும் பார்த்தார். அவருக்கும் உள்ளுக்குள் பயம் வந்திருக்க வேண்டும், ஆனால் பயந்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் அல்லவா?

"வெளிச்சம் பட்டுப் பட்டு அப்படி இருக்கு. கட்டிப் போட்டாச் சரியாப் போயிரும்."

நான் கொண்டுவந்து வைத்திருந்த காஸ் துணியையே எடுத்து நாலாக மடித்து என் கண்ணில் வைத்து, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். எங்கள் ஊருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். எதுவாக இருந்தாலும் சுற்றிக் கட்டு. உள்ளே கிருமி, மேலே சூடு, அதற்கு மேல் கண்ணீரில் நனைந்த துணி. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு யார் கட்டிக்கொடுப்பார்?

கட்டோடு நான் கிடந்தேன். சேலை எடுக்கப் போனார்கள், மண்டபம் பேசப் போனார்கள். வலியில் நான் சுவரில் தலையை முட்டிக்கொண்ட ஒரு காலையில், மகள் குளித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"எனக்குக் கல்யாணமே வேண்டாம். எந்திரிம்மா" என்றாள்.

அப்பாவிடம் கேட்கவில்லை, அத்தைக்குச் சொல்லிவிடவில்லை. என் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் மதுரை ரயிலில் ஏற்றினாள். வண்டி கிளம்புகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடிவந்து ஏறினார். விருதுநகர் வந்தபோது, "அக்காட்ட சொல்லாம வந்துட்டமே" என்றார். என் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். துணியோடு சேர்ந்து சீழ் வந்தது. அவர் முகம் மாறியது.

"யாரு கட்டுனது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன மருந்து ஊத்துனீங்க?"

மகள் பையிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இவங்களுக்குச் சுகர் இருக்கா?"

என் வீட்டுக்காரர், "அதெல்லாம் இல்லம்மா" என்றார்.

மதுரையில், நாலு சுவருக்குள், கண்ணைக் காப்பாற்ற வந்த டாக்டரிடம் போய் இந்த மனிதர் இல்லை என்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வாய் அப்படிப் பழகிவிட்டது. சுகர் என்ற சொல்லைக் கேட்டால் இல்லை என்று சொல்வதற்கு அவர் வாய்க்கு அவர் தேவைப்படவில்லை.

"ஏழு வருசமா இருக்கு" என்றேன் நான். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விரலில் குத்தி எடுத்த ரத்தம் நான் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னது. டாக்டரம்மா அந்த எண்ணை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சார், இவங்க கண்ணு உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

அவர் தலை குனிந்துகொண்டார். எனக்காக இன்னொருவர் கோபப்பட்டது அந்த அறையில்தான் முதல் தடவை.

கண்ணை மரக்கச் செய்து, புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சை என்று உறுதியானது. படுக்கையில் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, வயிற்றில் இன்சுலின் ஊசி. கண் உருண்டை தப்பியது, பார்வை தப்பவில்லை. கருவிழியின் நடுவில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி ஆள் அசைவது தெரியும், ஆள் யார் என்று தெரியாது. சர்க்கரை ஒழுங்காக நின்று, புண் முழுக்க ஆறினால், இறந்தவர் யாராவது தானம் கொடுத்த கருவிழியை வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா, "கட்டுறதுக்கு முன்னாடி வந்திருந்தாக்கூட இவ்வளவு ஆயிருக்காது" என்றார். அதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளையில் வெள்ளையைத் தேட இனி முடியாது. செக்கிங் மேசைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ரோலை உறைக்குள் தள்ளுகிற வேலை. அதற்குக் கண் வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்த நாத்தனார் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லவேளை அன்னைக்கே கட்டிப் போட்டோம். இல்லாட்டி மத்தக் கண்ணுக்கும் தாவியிருக்கும்." மாப்பிள்ளை வீட்டில் கேட்டதற்குத் தூசி விழுந்துவிட்டது என்று அவரே சொல்லி அனுப்பினார். மெட்ராஸ் ஐ என்று சொன்ன வாய் கூச்சமே படாமல் தூசி என்று மாற்றிக்கொண்டது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கல்யாணமே வேண்டாம் என்று அன்று சொன்ன மகளும், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சோர்ந்துபோயிருந்தாள். மஞ்சள்தூள் டப்பாவில் மாத்திரை ஒளிந்த மாதிரி இப்போது இன்சுலினும் ஒளிந்துகொண்டது, ஐஸ்பெட்டியில் கத்தரிக்காய்க்குக் கீழே.

கல்யாணத்துக்கு முன்னால் சம்மந்தி அம்மா என்னைப் பார்க்க வந்தார். மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் கூட வந்தார்கள். ஹாலில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, சேலையைப் பார்க்கிற சாக்கில் அந்த அம்மா என் பின்னாலேயே உள்ளறைக்கு வந்தார். லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்மந்தி, ஒங்க கம்பெனில இருந்து கொஞ்சம் காஸ் துணி கெடைக்குமா?"

"என்னத்துக்கு?"

"கால்ல சின்னப் புண்ணு. செருப்புக் கடிச்சது. வெளிய வாங்குனா வீட்டுல ஏன் எதுக்குன்னு கேப்பாவ."

"காட்டுங்க" என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றார். நான் கட்டிலில் உட்காரவைத்துக் காலைப் பிடித்து என் மடியில் வைத்தேன். சேலைக்கரைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். பிரித்ததும் வாடை வந்தது. அந்த வாடையை என் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவள் நான். என் ஒற்றைக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் இடுக்கு கறுத்துப்போய், சுற்றிலும் பாதம் வீங்கிச் சிவந்திருந்தது.

"வலிக்கலயா?"

"அதான் இல்லயே. வலிச்சாத்தான பயப்படணும்?"

"ஒங்களுக்குச் சுகர் எம்புட்டு வருசமா இருக்கு?" என்று கேட்டேன்.

அந்த அம்மாவின் கலகலப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கதவைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து வருசமா. வெளிய சொல்லல சம்மந்தி. ஒங்க நாத்தனாரு வந்து பேசுறப்பவே, எங்க வீட்டுல சுகரு கிகரு யாருக்கும் கெடையாது, அப்படி வீடாப் பாத்துதான் பொண்ணு குடுப்போம்னு சொன்னாவ. நமக்கு இருக்குன்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்க யோசிப்பாவளேன்னு எம்மகனுக்கே ஒழுங்காச் சொல்லல. நிச்சயத்தன்னைக்கு எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா? இனிப்ப திங்காம இருந்தாச் சந்தேகப்படுவாவ. அதான் ஒங்க பக்கத்துல வந்து ஒக்காந்து, என் தட்டுல இருந்ததையும் ஒங்களுக்கே ஊட்டிட்டேன்."

சொல்லிவிட்டுச் சின்னதாகச் சிரித்தார். தன் சாமர்த்தியத்தை என்னிடம் பகிர்ந்துகொள்கிற சிரிப்பு.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? இவருக்குத் தெரியக் கூடாது என்று நான் தின்றேன். எனக்குத் தெரியக் கூடாது என்று இவர் ஊட்டினார். என் கண்ணில் பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டு சர்க்கரைக்காரிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தட்டுப் பால்கோவாவையும் ஒருத்தி உடம்பிலேயே இறக்கியிருக்கிறோம். அதற்கு ஒரு கூட்டம் கைதட்டிச் சிரித்திருக்கிறது.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"ஐயோ, கல்யாணம் முடியட்டும் சம்மந்தி. நீங்க துணி மட்டும் குடுங்க. சுத்திக்கிட்டாப் போதும். எம்மகன்ட்ட சொல்லிராதீய, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்குக் கண்ணு போயிருச்சு. ஒங்களுக்குக் காலு போகணுமா?"

"மெதுவாப் பேசுங்க, வெளிய கேக்கும்."

கேட்கட்டும் என்று கதவைத் திறந்தேன். ஹாலில் எல்லோரும் காப்பி டம்ளரோடு நிமிர்ந்தார்கள்.

"ஒங்க அம்மாவுக்குச் சுகர். கால்ல புண்ணு கறுத்துப்போயிருக்கு" என்றேன் மாப்பிள்ளையைப் பார்த்து. "எனக்கும் சுகர். ஏழு வருசமா. எங்கண்ணு தூசியில போகல, இந்த வீட்டுல எல்லாரும் சேந்து சொன்ன பொய்யில போச்சு. கல்யாணம் வேணும்னா இருக்கட்டும், வேண்டாம்னா போகட்டும். இப்ப ஒரு ஆட்டோவக் கூப்பிடுங்க."

"ஏட்டி, வாய மூடு! குடியக் கெடுக்கியே!" என்று நாத்தனார் எழுந்து வந்தார்.

"நீங்க ஒக்காருங்க மதினி" என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து அம்மாவின் காலைப் பார்த்தான். வெளியே ஓடிப்போய் ஆட்டோவோடு வந்தான். அம்மாவின் ஒரு கையை அவன் பிடித்தான், இன்னொரு கையை என் மகள் பிடித்தாள். அந்த அம்மா ஆட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்த பார்வையில், கையில் கல் இருந்தால் எறிந்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். கிருமி எலும்புக்கு இறங்கியிருந்தது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கணுக்காலுக்கு மேலே போயிருக்கும் என்றார்களாம். கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள், நிறுத்தவில்லை. யார் யாரை வேண்டாம் என்று சொல்வது? இரண்டு வீட்டிலும் இருந்தது ஒரே வியாதி, ஒரே பொய். நாத்தனார் மட்டும் போகிற இடமெல்லாம் நான் சம்மந்தி மானத்தைச் சந்தியில் இழுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவும் என்னோடு பேசுவதில்லை. மகன் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று ஆத்திரம். நான் போன் செய்தால் எடுத்து மகனிடம் கொடுத்துவிடுவார்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. வலது பக்கமாக வந்ததால் யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை, கலங்கலாகப் பட்டுச் சேலைகள் மட்டும் நகர்ந்தன. கழுத்தைத் திருப்பி இடது கண்ணால் பார்த்தபோது சம்மந்தி அம்மா எனக்கு நேரே வந்துவிட்டார். நான் கிண்ணத்தை நீட்டினேன். அவர் சந்தனத்தைத் தொடவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை, முகத்தை வெட்டித் திருப்பிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். போகட்டும். யார் தோளையும் பிடிக்காமல் தன் இரண்டு காலில் நடந்துதான் போனார்.